வெள்ளீயத்தின் பசி

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு உலோகங்களோடு குடும்பம் நடத்துகிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அதாவது டின். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பூசுவதும் அதுதான். பேட்டரிக்குள் கனமாக உட்கார்ந்திருப்பது காரீயம், அதாவது லெட். முதலாவது சாப்பாட்டில் பட்டால் பெரிதாகப் பாதகமில்லை. இரண்டாவது குழந்தையின் ரத்தத்தில் ஏறினால் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். இந்த இரண்டையும் சேர்த்து உருக்கினால் கிடைப்பதுதான், ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் "ஈயம் வைக்கணும்" என்று சொல்லும் சால்டர்.

பி.காம் படிக்கிறவனுக்கு சால்டரிங்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காஸ்டிங் பேப்பரில் ப்ராசஸ் காஸ்டிங் என்று ஒரு பாடம். "நார்மல் லாஸ் 5 சதவீதம், ஸ்கிராப் மதிப்பு இவ்வளவு" என்று கணக்குப் போட்டுப் போட்டுக் கை வலித்ததுதான் மிச்சம். அந்த நார்மல் லாஸ் நிஜத் தொழிற்சாலையில் எப்படி இருக்கும், யார் அதை அள்ளுகிறார்கள் என்று தேடப் போனேன். அகப்பட்டது சால்டர் இயந்திரம். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நண்பர்கள் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதன் பின்னால் இருக்கும் எழுபது வருடக் கதைதான் பிடித்திருந்தது.

முதலில் ஏன் இரண்டு உலோகம்? டின் தனியாக 232 டிகிரியில் உருகும். லெட் 327 டிகிரியில் உருகும். 63 பங்கு டின்னும் 37 பங்கு லெட்டும் சேர்ந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும்! இரண்டுக்குமே கீழே. அதோடு, கூழாகும் நிலை எதுவும் இல்லாமல் சட்டென்று உருகி, சட்டென்று இறுகும். ரோமானியர்களுக்கே இந்த ஜோடி தெரிந்திருந்தது. இரண்டு பங்கு காரீயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்த்துத் தண்ணீர்க் குழாய்களை ஒட்டவைத்ததாக முதல் நூற்றாண்டில் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் ஒட்டும் வேலையைச் செய்வது இந்த ஜோடியில் ஒருவர் மட்டும்தான். உருகிய டின் செம்பைத் தொட்டதும் அதைக் கொஞ்சம் தின்கிறது. தின்ற இடத்தில் ஆறு பங்கு செம்பும் ஐந்து பங்கு டின்னுமாக மெல்லிய ஒரு படலம் உருவாகிறது. சால்டர் பிடித்துக்கொள்வது அந்தப் படலத்தால்தான். காரீயம் செம்போடு எந்த உறவும் வைத்துக்கொள்வதில்லை. அது மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. கூட நிற்கும், விலையைக் குறைக்கும், உருகும் சூட்டைக் குறைக்கும், டின்னின் பசியையும் கொஞ்சம் அடக்கி வைக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் தலைவலி முழுக்க அதிலிருந்துதான்.

இந்தக் கதையில் மூன்றாவதாக ஒருவர் உண்டு: ஃப்ளக்ஸ். உலோகத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு அழுக்கை நீக்கினால்தான் டின் வாய் வைக்க முடியும். நம் தெருவுக்கு வந்த ஈயம் பூசுகிறவர்கள் சூடான பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவுவார்கள், குப்பென்று வெள்ளைப் புகை வரும். அதற்கு அப்புறம் பஞ்சால் ஈயத்தைத் தேய்ப்பார்கள். அந்த நவச்சாரம் ஒரு ஃப்ளக்ஸ். மின்கருவிகளுக்கு அது ஆகாது, அரித்துவிடும். அதனால் அங்கே பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ரோசின் வந்தது. மஞ்சள் நிறம், வாசனை கூட நன்றாகத்தான் இருக்கும். அந்த வாசனைக்கு என்ன விலை என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

டின்னின் பசியை முதலில் அனுபவித்தவர்கள் கையில் இரும்பு பிடித்தவர்கள். 1921-ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் சாக்ஸ் மின்சார சால்டரிங் அயர்னைத் தொழிற்சாலை அளவில் செய்து விற்க ஆரம்பித்தார் (எர்சா என்ற கம்பெனிப் பெயரே அவர் பெயரின் சுருக்கம்தான்). அயர்னின் முனை வெறும் செம்பு. சூட்டை நன்றாகக் கடத்தும், அதனால் செம்பு. ஆனால் ஒவ்வொரு தடவை சால்டர் வைக்கும்போதும் டின் அந்த முனையையும் கொஞ்சம் தின்றுவிடும். சில நாளில் முனை குழி விழும். அரம் வைத்துத் தேய்த்துச் சரி செய்வார்கள். தேய்த்துத் தேய்த்து முனையே காலியாகும். இங்கிலாந்தின் மல்டிகோர் கம்பெனி இதற்குக் குறும்பான ஒரு வழி கண்டுபிடித்தது. சால்டரிலேயே கொஞ்சம் செம்பைக் கலந்து, சாவ்பிட் என்று பெயர் வைத்து விற்றார்கள். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு வந்த விருந்தாளி குறைவாகத்தானே சாப்பிடுவார்! பிறகு செம்பு முனையின் மேல் இரும்பு முலாம் பூசும் வழக்கம் வந்தது. இரும்பையும் டின் தின்னும், ஆனால் ரொம்ப மெதுவாக. முலாம் பூசிய முனையை அரம் வைத்துத் தேய்க்கக் கூடாது என்று இன்றைக்கும் எல்லாப் பட்டறையிலும் சொல்வதன் காரணம் இதுதான். முலாம் போனால் உள்ளே இருக்கும் செம்பு சில நாளில் போய்விடும்.

கையால் ஒவ்வொரு இணைப்பாக வைத்துக்கொண்டிருந்த காலம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால் மாறியது. வியன்னாவிலிருந்து லண்டனுக்கு வந்த பால் ஐஸ்லர் 1930-களிலேயே அச்சிட்ட சர்க்யூட் போர்டைச் செய்து காட்டியிருந்தார். 1949-ல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் கோர் பிரிவைச் சேர்ந்த டாங்கோ, ஆப்ராம்சன் என்ற இருவர், போர்டில் துளை போட்டு, பாகங்களின் கால்களை அதில் செருகி, அடிப்பக்கத்தை மொத்தமாக உருகிய சால்டரில் முக்கி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நூறு இணைப்பு, ஒரே முக்கு.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால், தட்டையான போர்டைத் தட்டையான உலோகக் குளத்தில் இறக்கும்போது ஃப்ளக்ஸின் ஆவி அடியில் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் சால்டர் பிடிக்காது. குளத்தின் மேல் எப்போதும் ஆடை மாதிரி ஆக்சைடு படிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் வழித்துவிட்டுத்தான் முக்க வேண்டும். ஆரம்பத்தில் இந்தப் போர்டுகளுக்குக் கெட்ட பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஜெனித் கம்பெனி 1950-களில் "எங்கள் டி.வி. முழுக்கக் கையால் இணைத்தது, அச்சிட்ட சர்க்யூட் இல்லை" என்பதையே விளம்பரமாகச் செய்தது. (மார்க்கெட்டிங் படிக்கும் நண்பர்கள் குறித்துக்கொள்ளவும். பழையதாக இருப்பதும் ஒரு விற்பனைப் பொருள்தான்.)

1956-ல் இங்கிலாந்தின் ஃப்ரைஸ் மெட்டல் கம்பெனி ஒரு எளிய விஷயத்தைச் செய்தது. போர்டைக் குளத்தில் இறக்குவதற்குப் பதிலாக, குளத்திலிருந்து ஓர் அலையை மேலே எழுப்பியது. சட்டிக்குள் ஒரு பம்ப். அது உருகிய சால்டரை ஒரு நீளமான வாய் வழியாக மேலே தள்ளும். போர்டு கன்வேயரில் சற்றுச் சாய்வாக ஏறி வந்து அந்த அலையின் முதுகைத் தொட்டுக்கொண்டு போகும். தொடும் நேரம் இரண்டு மூன்று விநாடி. அலை அடியிலிருந்து வருவதால் எப்போதும் சுத்தமான உலோகம். ஆவி பக்கவாட்டில் தப்பித்துப் போய்விடும். டி.வி.யும் டிரான்சிஸ்டர் ரேடியோவும் சாதாரண வீட்டுக்கு வந்ததில் இந்த அலைக்குப் பெரிய பங்கு உண்டு.

இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய மேசை நீளத்தில் ஆரம்பித்து, ஒரு பஸ்ஸின் பாதி நீளம் வரை இருக்கும். முதல் நிலையத்தில் போர்டின் அடியில் ஃப்ளக்ஸ் தெளிப்பார்கள். அடுத்து ஹீட்டர்கள், போர்டை நூறு டிகிரிக்கு மேல் கொண்டுபோகும். ஃப்ளக்ஸில் இருக்கும் ஆல்கஹால் ஆவியாக வேண்டும், போர்டும் திடீர் சூட்டில் வளையக் கூடாது. மூன்றாவது, 250 டிகிரியில் சால்டர் சட்டி. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் வெள்ளித் தண்ணீர் ஓடுவது மாதிரி இருக்குமாம். சட்டியில் சில நூறு கிலோ உலோகம். இது காலை முதல் இரவு வரை, சில இடங்களில் ஷிஃப்ட் மாறி இருபத்துநாலு மணி நேரமும் ஓடும்.

இங்கேதான் என் நார்மல் லாஸ் வருகிறது. அலை அடிக்கும்போது உலோகத்தின் புதுப்புது மேற்பரப்பு காற்றில் பட்டுக்கொண்டே இருக்கும். பட்ட இடமெல்லாம் ஆக்சைடு. அது பம்பின் சுழற்சியில் நல்ல சால்டரையும் உள்ளே சுருட்டிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் களி மாதிரி மிதக்கும். அதுதான் டிராஸ், நம் மொழியில் கசடு. வேடிக்கை என்னவென்றால் கசட்டில் பெரும்பகுதி நல்ல உலோகம்தான். டப்பாவில் அள்ளி உருக்காலைக்குத் திருப்பி அனுப்பினால் விலையில் ஒரு பகுதி கிடைக்கும். பாடப்புத்தகத்தின் "ஸ்கிராப் மதிப்பு" இது. முன்பு அலையின் மேல் எண்ணெய் விட்டுக் கசடைக் குறைத்தார்கள். புகையும் பிசுபிசுப்பும் தாங்கவில்லை. பிறகு நைட்ரஜன் வாயுவால் அலையைப் போர்த்தினார்கள். கசடு வெகுவாகக் குறைந்தது, நைட்ரஜன் பில் ஏறியது. ஒரு கணக்கில் கழித்தால் இன்னொரு கணக்கில் கூட்ட வேண்டும்.

பாடப்புத்தகத்தில் இல்லாதது, அந்தக் கசடை அள்ளுகிற ஆள். சால்டர் சட்டி என்றால் காரீய ஆவி மூக்கில் ஏறும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். காரீயம் கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். 250 டிகிரியில் அது ஆவியாவது சொல்லும்படியாக இல்லை. ஆபத்து கசட்டில் இருக்கிறது. உலர்ந்த கசடு பொடியாகும். பொடியில் காரீய ஆக்சைடு. அள்ளும்போது பறக்கும், கையில் ஒட்டும், கையிலிருந்து டீ கிளாசுக்கும் முறுக்குக்கும் போகும். அதனால்தான் சட்டியைச் சுத்தம் செய்கிறவர் முகமூடி போட வேண்டும், அந்த அறையில் சாப்பிடக் கூடாது, துடைப்பத்தால் பெருக்கவோ காற்றுக் குழாயால் ஊதவோ கூடாது, வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற விதிகள். கடைசி விதி அவருக்காக மட்டும் எழுதியதில்லை. வீட்டில் தவழும் குழந்தைக்காகவும் எழுதியது.

இன்னொன்று, ஈரம். கொதிக்கும் எண்ணெயில் ஈரக் கரண்டியை விட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 250 டிகிரி உலோகத்தில் ஈரமான சட்டுவத்தை விட்டால் தண்ணீர் ஒரு நொடியில் ஆயிரத்து எழுநூறு மடங்கு பெரிதான ஆவியாகி, உலோகத்தை முகத்தில் அடிக்கும். காலையில் சட்டியைச் சூடேற்றுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடி மட்டும் உருகி மேலே கெட்டியாக இருந்தால், உருகி விரியும் உலோகத்துக்குப் போக இடமில்லாமல் மேல் ஓட்டைப் பிளந்துகொண்டு பீறிடும். அதனால் சீராகச் சூடேற்ற வேண்டும், முழுவதும் உருகும் வரை பம்பைத் தொடக் கூடாது. ஆல்கஹால் கலந்த ஃப்ளக்ஸுக்குப் பக்கத்திலேயே ஹீட்டர். புகை போகும் குழாய்க்குள் படியும் பிசினைச் சுரண்டாமல் விட்டால் அதில் தீப்பிடிக்கும். இதெல்லாம் இயந்திரத்தோடு வரும் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. உற்பத்தி அவசரத்தில் முதலில் தள்ளிப்போவதும் இதெல்லாம்தான்.

இப்போது அந்த நல்ல வாசனைக்கு வருவோம். ரோசின் புகையை யாரும் விஷமாக நினைக்கவில்லை, மரப் பிசின்தானே! 1976-ல் லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள், சால்டர் ஃப்ளக்ஸின் புகையால் ஆஸ்துமா வருவதைச் சோதித்து எழுதினார்கள். 1979-ல் ஷெர்வுட் பர்ஜும் அவருடன் இருந்தவர்களும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையையே ஆராய்ந்து, ரோசின் புகைதான் அங்கே ஆஸ்துமாவுக்குக் காரணம் என்று வெளியிட்டார்கள். அதே வருடம் அந்தக் குழுவிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. அது வேலையில் இருப்பவர்களை விட்டுவிட்டு, வேலையை விட்டுப் போனவர்களைத் தேடிப் போய் அவர்களின் மூச்சுக் கோளாறுகளைப் பார்த்தது.

எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தொழிற்சாலைக்குள் நின்று எண்ணினால் எல்லோரும் ஓரளவு நன்றாகத்தான் இருப்பார்கள். மூச்சு விட முடியாதவர் ஏற்கெனவே ராஜினாமா செய்துவிட்டுப் போயிருப்பார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்காது. லேபர் டர்ன்ஓவர் என்று நாங்கள் ஃபார்முலா போடும் எண்ணுக்குள் அவர் ஒளிந்திருப்பார்: "சொந்தக் காரணங்களுக்காக விலகியவர்". அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க மருத்துவர்கள் வரவேண்டியிருந்தது. ஒரு தடவை ரோசினுக்கு உடம்பு முரண்டு பிடிக்க ஆரம்பித்துவிட்டால் பிறகு துளிப் புகையும் ஆகாது. அதனால் பிரிட்டன் இந்தப் புகைக்கு மிகக் கடுமையான வரம்பு வைத்தது: எட்டு மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம். அயர்ன் முனையிலேயே புகையை உறிஞ்சும் குழாய், கார்பன் ஃபில்டர் எல்லாம் இதன் பின்னால் பரவின. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் விசிறி சத்தம் போடும், காற்று இழுக்காது. பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்பி உட்கார்ந்திருப்பவரின் மூக்குக்குத்தான் நேராகப் புகை போகும். ஃபில்டர் மாற்றும் தேதி எழுதாத இயந்திரம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஃப்ளக்ஸ் இன்னொரு வழியிலும் மாட்டிக்கொண்டது. சால்டர் வைத்த பின் போர்டில் ஒட்டியிருக்கும் பிசினைக் கழுவ சி.எஃப்.சி-113 என்ற திரவம் இருந்தது. எரியாது, நாற்றமில்லை, உடனே உலரும். சொக்கத்தங்கம் மாதிரி ஒரு கரைப்பான். அது ஓசோனைத் தின்கிறது என்று தெரிந்து 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. வளர்ந்த நாடுகள் 1996 தொடக்கத்தோடு அதை நிறுத்தின. கழுவ முடியாவிட்டால் என்ன செய்வது? கழுவத் தேவையில்லாத ஃப்ளக்ஸ். முன்பு ஃப்ளக்ஸில் கால் பங்கு வரை பிசின் இருந்தது, இப்போது ஐந்து சதவீதத்துக்கும் கீழே. நல்லதுதான். ஆனால் அழுக்கு நீக்கும் சக்தி குறைந்ததால் இயந்திரம் இம்மி பிசகாமல் ஓட வேண்டியதாயிற்று. தெளிக்கும் வாய் கொஞ்சம் அடைத்தாலும் அன்றைய போர்டுகள் ரீவொர்க் மேசைக்குப் போகும். ஆகாயத்தில் ஓர் ஓட்டையை அடைக்க, தரையில் ஒருவர் தினமும் நாசில் துடைக்கிறார்.

கடைசியாக 2006. பழைய கம்ப்யூட்டர்களும் டி.வி.க்களும் எங்கே போகின்றன என்ற கேள்வி 2000-த்தை ஒட்டி எழுந்தது. சீனாவின் குய்யூ ஊரில் வீட்டு வாசலில் அடுப்பு வைத்து, போர்டுகளைச் சூடாக்கிச் சால்டரை உருக்கிப் பாகங்களைக் கழற்றும் படங்கள் 2002-ல் உலகம் முழுக்கப் பரவின. அந்த ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தை அளந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது: டெசிலிட்டருக்குச் சராசரி 15.3 மைக்ரோகிராம் காரீயம். இந்தத் தொழில் இல்லாத பக்கத்து ஊரான சென்டியனில் 9.94. இரண்டுமே அதிகம், குய்யூவில் இன்னும் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் ரோஸ் என்ற சட்டத்தை 2003-ல் வெளியிட்டு, 2006 ஜூலை 1 முதல் அமலாக்கியது. ஒரே சீரான எந்தப் பொருளிலும் காரீயம் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மாப்பிள்ளைத் தோழன் வெளியே போக வேண்டியதாயிற்று.

அவர் போனதும் என்ன ஆனது? டின்னின் பங்கு 63-லிருந்து 96, 99 என்று ஏறியது. பரவலாக வந்த கலவை 96.5 டின், 3 வெள்ளி, அரை சதவீதம் செம்பு. உருக 217 டிகிரி வேண்டும். சட்டி 260-ஐ ஒட்டிப் போனது. அதிக டின், அதிக சூடு. பசி இரண்டு வழியாகவும் ஏறிவிட்டது. பல வருடம் காரீயக் கலவையைத் தாங்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டிகளின் உள் பாகங்கள், பம்பின் இறக்கைகள், அலை வரும் வாய்கள் எல்லாம் சில மாதங்களிலேயே அரித்து ஓட்டை விழுந்த கதைகள் தொழில் முழுக்கப் பேசப்பட்டன. கரைந்த இரும்பு டின்னோடு சேர்ந்து ஊசி ஊசியான படிகங்களாகிப் போர்டில் ஒட்டியது. டைட்டானியம், வார்ப்பிரும்பு, மேற்பூச்சு கொடுத்த எஃகு என்று சட்டியையே மாற்ற வேண்டி வந்தது. இயந்திரத்துக்குப் பத்து வருட ஆயுள் என்று டெப்ரிசியேஷன் போட்டு வைத்திருந்த கணக்காளர்களை நினைத்துப் பார்த்தேன். பாவம்!

பராமரிப்பவர்களின் பழைய கைப்பக்குவமும் தலைகீழானது. அலை ஒவ்வொரு போர்டிலிருந்தும் கொஞ்சம் செம்பைக் கரைத்துக்கொண்டு வரும். அது சட்டியில் சேரும். பழைய கலவையில் இதற்கு ஓர் அழகான வைத்தியம் இருந்தது. பம்பை நிறுத்தி, சூட்டை 190 டிகிரி அளவுக்கு இறக்கிச் சில மணி நேரம் விட்டால் செம்பும் டின்னும் சேர்ந்த படிகங்கள் மேலே மிதக்கும். காலையில் பாலாடை மாதிரி எடுத்துவிடலாம். ஏன் மிதந்தது? அந்தப் படிகத்தின் அடர்த்தி சுமார் 8.3, சால்டரின் அடர்த்தி சுமார் 8.4. கனத்தைக் கொடுத்தது காரீயம். காரீயம் போனதும் சால்டரின் அடர்த்தி 7.4 ஆகிவிட்டது. இப்போது படிகம் அடியில் போய் உட்காருகிறது, பம்பில் மாட்டுகிறது. செம்பு ஒரு சதவீதத்தை நெருங்கினால் சட்டியில் ஒரு பகுதியை வெளியே எடுத்துவிட்டு, செம்பு குறைந்த புதுக் கட்டியைப் போட்டுச் சமன் செய்ய வேண்டும். தலைமுறையாக மேலே பார்த்துச் சட்டுவம் போட்டவர்கள், சட்டத்தின் ஒரு வரியால் அடியைத் துழாவ வேண்டியதாயிற்று.

வெளியே எடுப்பது சும்மா இல்லை. 400 கிலோ சட்டி என்று வைத்துக்கொள்வோம். மூன்று சதவீத வெள்ளி என்றால் 12 கிலோ வெள்ளி சட்டிக்குள் சும்மா நிற்கிறது. வெள்ளி விலை தெரிந்தவர்கள் பெருக்கிப் பாருங்கள். அதனால்தான் அலை இயந்திரங்களில் வெள்ளி இல்லாத, டின்னும் செம்பும் நிக்கலும் சேர்ந்த ஜப்பானியக் கலவைக்கு நல்ல வரவேற்பு இருந்தது.

இன்னொரு கணக்கும் போட்டேன். அதே 400 கிலோவுக்கு 0.1 சதவீத வரம்பு என்றால் 400 கிராம் காரீயம். பழைய 63/37 சால்டர் கட்டி, ஒரு கிலோ, தவறிப் போய் உள்ளே விழுந்தால் அதில் 370 கிராம் காரீயம். ஒரே ஒரு கட்டி! பார்ப்பதற்கு இரண்டும் வெள்ளைக் கம்பிதான். அதனால் பல இடங்களில் இரண்டு வகைக் கட்டிகளுக்கும் தனிப் பூட்டு, தனி நிற டப்பா, சட்டுவம் கூடத் தனி. மாதந்தோறும் ஒரு சிட்டிகை உலோகத்தைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள், நாம் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுப்பது மாதிரி.

இரண்டு வகையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்குக் காரணம், எல்லோரும் மாறவில்லை. தூய டின் பூச்சிலிருந்து காலப்போக்கில் மயிரிழை மாதிரி உலோக மீசை முளைக்கும். பக்கத்துக் கம்பியைத் தொட்டால் ஷார்ட். 1998 மே மாதம் கேலக்ஸி-4 செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவின் பெரும்பாலான பேஜர்கள் ஊமையானதற்கு இந்த மீசைதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. கொஞ்சம் காரீயம் கலந்தால் மீசை முளைப்பது வெகுவாக அடங்கும். அதனால் விண்வெளி, ராணுவக் கருவிகள் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டன.

நம் பக்கம் பார்த்தால், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது 2006 ஜனவரியில், அதாவது சட்டம் அமலாக ஆறு மாதம் இருக்கும்போது. கைப்பேசிக்கு அலை தேவையில்லை. சால்டர் பசையை அச்சிட்டு, பாகங்களை வைத்து, அடுப்புக்குள் அனுப்புவார்கள். காரீயம் இல்லாத யுகத்தில் பிறந்த தொழிற்சாலை அது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. இந்தியாவின் சொந்த மின்கழிவு விதிகள் 2011-ல் அறிவிக்கப்பட்டு 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. காரீய வரம்பும் அவற்றில் இருந்தது.

சட்டம் சரியா தவறா என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வேன், குய்யூ குழந்தைகளின் எண்ணைப் பார்த்த பிறகு வேறு மாதிரி சொல்ல வாய் வரவில்லை. ஆனால் காரீயம் போனதால் சால்டரிங் பாதுகாப்பாகிவிட்டது என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பர்ஜ் தேடிப் போன ஆட்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பியது புகை. புகை அப்படியே இருக்கிறது. சூடு ஏறியதால் ஃப்ளக்ஸ் முன்பைவிட அதிகமாகக் காய்கிறது. "லெட் ஃப்ரீ" என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய மேசையிலும் உறிஞ்சும் குழாய் வேண்டும். பல சிறிய பட்டறைகளில் ஸ்டிக்கர் இருக்கிறது, குழாய் இல்லை. ஸ்டிக்கர் விலை குறைவு.

இப்போது அடுத்த சுற்று ஆரம்பித்திருக்கிறது. மின்சாரச் செலவைக் குறைக்கவும் மெல்லிய போர்டுகள் வளையாமல் இருக்கவும் டின்னோடு பிஸ்மத் சேர்த்த கலவைகள் வருகின்றன. 138 டிகிரியிலேயே உருகும், டின்னும் பாதிக்குக் கீழே. பசி அடங்கியது மாதிரி இருக்கிறது. ஆனால் பழைய காரீயம் துளி எங்காவது ஒட்டியிருந்து இதோடு கலந்தால், டின், காரீயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்த ஒரு கூட்டு உருவாகும். அது உருகுவது சுமார் 96 டிகிரியில், அதாவது தண்ணீர் கொதிப்பதற்கும் முன்னால். பழைய போர்டை ரிப்பேர் செய்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அப்புறம் இந்த பிஸ்மத் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். அதற்கென்று தனிச் சுரங்கம் மிகக் குறைவு; பெரும்பாலும் காரீயம், டங்ஸ்டன் போன்றவற்றைப் பிரிக்கும்போது கிடைக்கும் துணைப்பொருள். காஸ்டிங் புத்தகத்தில் ப்ராசஸ் லாஸுக்கு அடுத்த பாடம் அதுதான்: ஜாயின்ட் ப்ராடக்ட், பை ப்ராடக்ட். இன்னும் படிக்கவில்லை.